மாட்டிறைச்சி வறுவல்

மாட்டிறைச்சி வறுவல் என்பது மாட்டிறைச்சியை மிளகாய், மிளகு, மல்லி, சீரகம் முதலான மசாலாப் பொருட்களுடன் வேகவைத்து, பின்னர் நீர் வற்றும்வரை வறுத்தெடுக்கும் ஒரு தென்னிந்திய அசைவ உணவாகும். இது தமிழ்நாடு, கேரளம், இலங்கை ஆகிய இடங்களிலும், புலம்பெயர்ந்த தமிழரிடையேயும் பல வடிவங்களில் சமைக்கப்படுகிறது. சோறு, பரோட்டா, இட்லி, தோசை, ஆப்பம், மரவள்ளிக்கிழங்கு ஆகியவற்றுக்குத் தொட்டுக்கொள்ளப் பயன்படுகிறது. மிளகாயையும் மாட்டிறைச்சியையும் முதன்மையாகக் கொண்டு நீண்ட நேரம் சமைக்கப்படும் அமெரிக்காவின் டெக்சாசு மாநில உணவான சில்லி கான் கார்னேயுடன் இதனை ஒப்பிடலாம்.

பெயர்

மாட்டிறைச்சி பேச்சு வழக்கில் மாட்டுக்கறி எனப்படுகிறது. ஆட்டிறைச்சியிலிருந்து வேறுபடுத்திப் "பெரிய கறி" என்று சொல்லும் வழக்கமும் தமிழ்நாட்டில் உண்டு. நகர்ப்புற உணவகங்களிலும் தள்ளுவண்டிக் கடைகளிலும் "பீஃப்" என்ற ஆங்கிலச் சொல்லே மிகுதியாக வழங்குகிறது. இந்தியாவில் இச்சொல் பசு, காளை, எருது ஆகியவற்றின் இறைச்சியை மட்டுமன்றி எருமை இறைச்சியையும் குறிக்கிறது. சில்லறைக் கடைகளில் இவ்வேறுபாடு பெரும்பாலும் சொல்லப்படுவதில்லை.

வறுவல் என்பது நீர் வற்ற வறுக்கப்பட்டதைக் குறிக்கும். குழம்பு நீர்த்தன்மை கொண்டது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட, மசாலா இறைச்சியைப் பற்றிக்கொண்டிருக்கும் நிலையைத் தொக்கு என்றும் பிரட்டல் என்றும் கூறுவர்.

வரலாறு

தமிழகத்தில் மாட்டிறைச்சி உண்ணப்பட்டதற்குச் சங்க இலக்கியத்தில் சான்றுகள் உள்ளன. ஆநிரை கவர்ந்த வீரர்கள் ஆவைக் கொன்று உண்ட செய்தி அகநானூற்றுப் பாடல்கள் சிலவற்றில் காணப்படுகிறது. பிற்காலத்தில் சமயக் கொள்கைகளாலும் சாதி வழக்கங்களாலும் பல சமூகங்கள் இவ்வுணவை விலக்கின. தலித் மக்கள், முசுலிம்கள், கிறித்தவர்கள் ஆகியோரிடையே இது தொடர்ந்து நிலைத்தது.

பழந்தமிழ்ச் சமையலில் காரத்திற்குப் பயன்பட்டது மிளகே ஆகும். மிளகாய் அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்த தாவரம். மெக்சிக்கோ உள்ளிட்ட பகுதிகளில் பல ஆயிரம் ஆண்டுகளாகப் பயிரிடப்பட்ட இது 16 ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் வழியாக இந்தியாவை அடைந்தது. மிளகைப் போலக் காரமான காய் என்பதால் தமிழில் மிளகாய் எனப் பெயர் பெற்றது. தக்காளியும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்ததே. எனவே இன்று வழக்கிலுள்ள செந்நிற வறுவல் கடந்த சில நூற்றாண்டுகளில் உருவானதாகும். மிளகை மிகுதியாகச் சேர்க்கும் கருநிற வறுவல் அதற்கு முந்தைய சுவையை நினைவூட்டுகிறது எனலாம்.

மசாலாப் பொருட்களும் பேளுக்குறிச்சிச் சந்தையும்

நாமக்கல் மாவட்டத்தில் கொல்லிமலையின் அடிவாரத்தில் பேளுக்குறிச்சி என்னும் ஊர் அமைந்துள்ளது. இவ்வூரின் வாரச் சந்தை மளிகை மற்றும் மசாலாப் பொருட்களுக்குப் பெயர் பெற்றது. மிளகு, சீரகம், சோம்பு, வெந்தயம், கடுகு, மல்லி, மஞ்சள் முதலியன இங்கு விற்கப்படுகின்றன. ஓர் ஆண்டுக்கு வேண்டிய பொருட்களை ஒரே முறையில் வாங்கி, வெயிலில் காயவைத்துச் சேமிக்கும் குடும்பங்கள் அண்டை மாவட்டங்களிலிருந்தும் இச்சந்தைக்கு வருகின்றன.

கொல்லிமலை கிழக்குத் தொடர்ச்சி மலைகளின் ஒரு பகுதியாகும். இங்கு காப்பித் தோட்டங்களின் நிழல் மரங்களில் மிளகுக் கொடிகள் படரவிடப்படுகின்றன. அறுவடை செய்த பச்சை மிளகு வெயிலில் உலர்த்தப்படும்போது தோல் சுருங்கிக் கருமையடைகிறது. மிளகின் காரத்திற்குப் பிப்பரின் என்னும் வேதிப்பொருளும், மிளகாயின் காரத்திற்குக் கேப்சைசின் என்னும் வேதிப்பொருளும் காரணமாகும்.

மசாலாப் பொருட்களை வாங்கும்போது கவனிக்க வேண்டியவை:

* மிளகு கனமாகவும் கெட்டியாகவும் இருக்கவேண்டும். நீரில் இட்டால் முற்றிய மிளகு பெரும்பாலும் அமிழும். பொக்கு மிளகு மிதக்கும்.
* மிளகுடன் பப்பாளி விதை கலக்கப்படுவதுண்டு. பப்பாளி விதை நீள்வட்ட வடிவில், எடை குறைந்து இருக்கும்.
* வற்றல் மிளகாயை அசைத்தால் விதைகள் ஒலிக்கவேண்டும். வளையும் மிளகாயில் ஈரம் இருப்பதால் பூஞ்சணம் பிடிக்கும்.
* பொருட்களை முழுதாக வாங்கித் தேவைக்கேற்ப அரைப்பது நல்லது. அரைத்த தூளின் மணம் விரைவில் குறையும்.

இறைச்சி

நீண்ட நேரம் வேகவைக்கும் இவ்வுணவுக்குத் தோள்பட்டை, கழுத்து, நெஞ்சுப்பகுதி, முன்னங்கால் சந்து ஆகிய பகுதிகள் ஏற்றவை. விலங்கு மிகுதியாகப் பயன்படுத்தும் தசைகள் இவை. இவற்றில் கொலாசன் என்னும் இணைப்பிழைப் புரதம் கூடுதலாக உள்ளது. இது 70 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்தில், நீர்ப்பதத்தில், மெல்ல மெல்லக் கூழ்மமாக மாறுகிறது. வறுவலின் கொழகொழப்பும் இறைச்சியின் மென்மையும் இதனாலேயே உண்டாகின்றன. முதுகுப்பகுதியின் மென்தசை விலை கூடியதாயினும், நீண்ட சமையலில் வறண்டு சக்கையாகிவிடும்.

விலங்கின் வயது கூடும்போது கொலாசன் இழைகளுக்கிடையேயான பிணைப்புகளும் வலுவடைகின்றன. தமிழ்நாட்டுச் சட்டத்தின்படி முதிர்ந்த, வேலைக்கு உதவாத மாடுகளையே பொதுவாக அறுக்க இயலும் (பார்க்க: சட்டநிலை). ஆகவே இங்கு கிடைக்கும் இறைச்சி, இளங்கன்றுகளின் இறைச்சியைப் பயன்படுத்தும் நாடுகளில் கிடைப்பதைவிடக் கடினமானது. தென்னிந்திய முறையில் இறைச்சி சிறு துண்டுகளாக நறுக்கப்படுவதற்கும், முதலில் வேகவைத்துப் பின்னரே வறுக்கப்படுவதற்கும் இது ஒரு பொருத்தமான விளக்கமாகும்.

தேவையான பொருட்கள்

(5 அல்லது 6 பேருக்கு)

இறைச்சி வேகவைக்க:

* எலும்பில்லா மாட்டிறைச்சி - 1 கிலோ
* இஞ்சி பூண்டு விழுது - 2 மேசைக்கரண்டி
* மஞ்சள்தூள் - 1 தேக்கரண்டி
* கல் உப்பு - 2 தேக்கரண்டி
* தண்ணீர் - 1 குவளை

வறுத்து அரைக்க:

* வற்றல் மிளகாய் - 12
* மல்லி விதை - 3 மேசைக்கரண்டி
* மிளகு - 1 மேசைக்கரண்டி
* சீரகம் - 1 தேக்கரண்டி
* சோம்பு - 1 தேக்கரண்டி
* பட்டை - 1 சிறு துண்டு
* கிராம்பு - 4

தாளித்து வறுக்க:

* கடலை எண்ணெய் அல்லது தேங்காய் எண்ணெய் - 4 மேசைக்கரண்டி
* கடுகு - 1 தேக்கரண்டி
* சின்ன வெங்காயம் - 250 கிராம்
* தக்காளி - 2
* கறிவேப்பிலை - 3 கொத்து
* தேங்காய்ப் பற்கள் - அரைக் குவளை

செய்முறை

1. இறைச்சியைக் கழுவி, நீரை முழுதும் வடித்து, ஓர் அங்குலத் துண்டுகளாக நறுக்கவேண்டும். தசைநார் ஓடும் திசைக்குக் குறுக்காக வெட்டினால் மெல்லுவதற்கு எளிதாக இருக்கும்.
2. மஞ்சள்தூள், உப்பு, இஞ்சி பூண்டு விழுது ஆகியவற்றை இறைச்சியில் பிசறி 30 நிமிடங்கள் ஊறவிடவேண்டும். இறைச்சி மிக முற்றியதாயின் பச்சைப் பப்பாளி விழுது ஒரு மேசைக்கரண்டி சேர்க்கலாம்.
3. அரைக்கக் குறிப்பிட்ட பொருட்களை எண்ணெயின்றி, சிறு தீயில், மணம் வரும்வரை தனித்தனியாக வறுக்கவேண்டும். மிளகாய் கருகினால் கசக்கும். ஆறியபின் சற்றுக் கரகரப்பாகப் பொடிக்கவேண்டும்.
4. இறைச்சியைத் தண்ணீருடன் அழுத்தச் சமைகலனில் (குக்கர்) இட்டு, முதல் விசில் வந்தபின் தீயைக் குறைத்து 25 முதல் 35 நிமிடங்கள் வேகவிடவேண்டும். திறந்த சட்டியில் இதற்கு 2 முதல் 3 மணி நேரம் ஆகும். தண்ணீர் கூடுதலாகத் தேவைப்படும்.
5. அகன்ற இரும்புச் சட்டியில் எண்ணெயைக் காயவைத்து, கடுகு வெடித்தபின் தேங்காய்ப் பற்கள், கறிவேப்பிலை, நறுக்கிய சின்ன வெங்காயம் ஆகியவற்றை இட்டுப் பொன்னிறமாகும்வரை வதக்கவேண்டும்.
6. தக்காளியைச் சேர்த்துக் குழையும்வரை வதக்கி, பொடித்த மசாலாவில் முக்கால் பங்கை இட்டு ஒரு நிமிடம் கிளறவேண்டும்.
7. வெந்த இறைச்சியை அதன் சாற்றுடன் சேர்த்து, மூடாமல், நடுத்தரத் தீயில் நீர் வற்றும்வரை கொதிக்கவிடவேண்டும்.
8. எண்ணெய் பிரிந்து வரும்போது தீயைக் குறைத்து, மீதமுள்ள மசாலாவைத் தூவி, 10 முதல் 15 நிமிடங்கள் அடிப்பிடிக்காமல் புரட்டி வறுக்கவேண்டும். துண்டுகள் கருஞ்சிவப்பு நிறம் அடைந்ததும் இறக்கலாம்.

உப்பைக் கடைசியிலேயே சரிபார்க்கவேண்டும். நீர் வற்றும்போது உப்புச் செறிவு கூடுவதால், தொடக்கத்தில் சரியாகத் தோன்றும் உப்பு முடிவில் கரித்துவிடும்.

சமையலின் அறிவியல்

அழுத்தச் சமைகலனில் நீரின் கொதிநிலை ஏறத்தாழ 120 பாகை செல்சியசாக உயர்வதால் கொலாசன் விரைவாகக் கரைகிறது. உயரமான இடங்களில் இதற்கு எதிரான விளைவு ஏற்படுகிறது. கடல் மட்டத்திலிருந்து 1200 மீட்டர் உயரத்தில் நீர் ஏறத்தாழ 96 பாகையிலேயே கொதிக்கும். ஆகவே கொல்லிமலையின் மேற்பகுதி ஊர்களில் திறந்த சட்டியில் இறைச்சி வேக, அடிவாரத்தைவிடக் கூடுதல் நேரம் ஆகும்.

வறுக்கும்போது உண்டாகும் பழுப்பு நிறமும் மணமும் அமினோ அமிலங்களுக்கும் சர்க்கரைகளுக்கும் இடையே நிகழும் மையார் வினையால் ஏற்படுகின்றன. இவ்வினை நீர் நிறைந்த நிலையில் மிக மெதுவாகவே நடைபெறும். நீர் வற்றி, இறைச்சியின் மேற்பரப்பு 100 பாகையைத் தாண்டிய பின்னரே விரைவடையும். கடைசிப் பத்து நிமிட வறுத்தலைத் தவிர்த்தால் வறுவலுக்குரிய சுவை கிடைக்காமைக்கு இதுவே காரணம்.

மிளகாயின் கேப்சைசினும் செந்நிறமிகளும் எண்ணெயில் கரைபவை. நீரில் எளிதில் கரையாதவை. ஆகையால் மசாலாவை எண்ணெயில் வதக்கிய பின்னரே சாறு ஊற்றப்படுகிறது. காரம் மிகுந்து உண்டவருக்குத் தண்ணீரைவிடத் தயிரும் மோரும் நிவாரணம் அளிப்பதும் இதனுடன் தொடர்புடையது. பாலிலுள்ள கேசீன் புரதம் கேப்சைசினுடன் பிணைந்து அதனை நாவிலிருந்து அகற்ற உதவுகிறது. பச்சைப் பப்பாளியில் உள்ள பப்பாயின் நொதி புரத இழைகளைச் சிதைக்கிறது. அதனை அளவுக்கு மீறிச் சேர்த்தால் இறைச்சியின் மேற்பகுதி மாவாகிவிடும்.

வட்டார வகைகள்

கொங்கு முறை: நாமக்கல் மாவட்டத்தின் பள்ளிபாளையம், வற்றல் மிளகாய், சின்ன வெங்காயம், தேங்காய்ப் பற்கள் ஆகியவற்றைக் கொண்டு செய்யப்படும் கோழி வறுவலுக்குப் பெயர் பெற்றது. மல்லி, கரம் மசாலா போன்றவை அதில் சேர்க்கப்படுவதில்லை. விதை நீக்கிய வற்றல் மிளகாயைக் கிள்ளிப் போட்டு இதே முறையில் மாட்டிறைச்சியும் சமைக்கலாம். இறைச்சியை முன்னரே வேகவைத்துக்கொள்ள வேண்டும்.

ஆம்பூர், வாணியம்பாடி: வட தமிழகத்தின் தோல் தொழில் நகரங்களான இவற்றில் மாட்டிறைச்சி பிரியாணி புகழ்பெற்றது. அரைத்த வற்றல் மிளகாய் விழுது இப்பகுதிச் சமையலின் சிறப்புக் கூறாகும். பிரியாணியுடன் கத்தரிக்காய்த் தொக்கு பரிமாறப்படுகிறது.

சென்னை: தள்ளுவண்டிகளிலும் சிறு உணவகங்களிலும் விற்கப்படும் "பீஃப் சில்லி", வேகவைத்த இறைச்சியை மிளகாய்த்தூள், சோளமாவு கலவையில் பிசறி எண்ணெயில் பொரித்தெடுப்பதாகும்.

கேரளம்: "உலர்த்தியது" எனப்படும் வறுவலில் தேங்காய்க் கொத்து, தேங்காய் எண்ணெய், மிளகு ஆகியவை முதன்மை பெறுகின்றன. பரோட்டாவுடனும் மரவள்ளிக்கிழங்குடனும் உண்ணப்படுகிறது.

இலங்கை: வறுத்த மல்லி, சீரகம், மிளகாய் கலந்த கறித்தூளும், இரம்பையும், தேங்காய்ப் பாலும் சேர்க்கப்படுகின்றன. சைவத் தமிழரிடையே மாட்டிறைச்சி பெரும்பாலும் விலக்கப்பட்டது. முசுலிம்களும் கிறித்தவரில் ஒரு பகுதியினரும் உண்கின்றனர்.

உப்புக்கண்டம்: இறைச்சியை நீள வாக்கில் கீறி, உப்பும் மஞ்சளும் தடவி, கயிற்றில் தொங்கவிட்டு வெயிலில் உலர்த்துவது உப்புக்கண்டம் ஆகும். குளிர்பதனப் பெட்டி இல்லாத வீடுகளில் இறைச்சியைப் பல நாட்கள் காக்க இம்முறை உதவியது. தேவைப்படும்போது நீரில் ஊறவைத்துக் குழம்பாகவோ, நெருப்பில் சுட்டு இடித்தோ உண்பர்.

டெக்சாசு மிளகாய்க் கறி

சில்லி கான் கார்னே என்ற எசுப்பானியத் தொடருக்கு "இறைச்சியுடன் மிளகாய்" என்பது பொருள். டெக்சாசின் சான் அந்தோனியோ நகரச் சதுக்கங்களில் 19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மெக்சிக்க வம்சாவளிப் பெண்கள் இதனைச் சமைத்து விற்றனர். இவர்கள் "சில்லி அரசிகள்" என அழைக்கப்பட்டனர். 1893 இல் சிக்காகோவில் நடைபெற்ற உலகக் கண்காட்சியில் இவ்வுணவு பரிமாறப்பட்டது. 1930களில் நகரச் சுகாதார விதிகளால் சதுக்கக் கடைகள் மறைந்தன. 1977 இல் டெக்சாசு சட்டமன்றம் இதனை மாநில உணவாக அறிவித்தது.

உலர்ந்த மிளகாய், சீரகம், பூண்டு ஆகியவை இரண்டு உணவுகளுக்கும் பொதுவானவை. டெக்சாசு முறையில் இறைச்சி முதலில் வறுக்கப்பட்டுப் பின்னர் சாற்றில் வேகிறது. தென்னிந்திய முறையில் வரிசை நேர்மாறானது. அங்கு மல்லி, தேங்காய், கறிவேப்பிலை இடம்பெறுவதில்லை. டெக்சாசுக்கு வெளியே அவரை வகைகளும் தக்காளியும் சேர்க்கப்படுகின்றன. தமிழ்நாட்டில் இதனைச் சமைக்க விரும்புவோர் மெக்சிக்க மிளகாய்க்குப் பதிலாகக் காரம் குறைந்த, நிறம் மிகுந்த காசுமீரி மிளகாயையும், அவரை வகையாக ராசுமாவையும் பயன்படுத்தலாம். ராசுமாவை 8 மணி நேரம் ஊறவைத்து, அந்நீரைக் கொட்டிவிட்டு, நன்கு கொதிக்கவைத்த பின்னரே சேர்க்கவேண்டும். அரைவேக்காட்டு ராசுமாவில் உள்ள லெக்டின் நச்சு வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் உண்டாக்கும்.

உணவும் சமூகமும்

மாட்டிறைச்சி இந்தியாவில் உணவு என்பதற்கு அப்பால் சாதி, சமயம், அரசியல் ஆகியவற்றுடன் பிணைந்துள்ளது. அம்பேத்கர் 1948 இல் வெளியான தமது தீண்டப்படாதோர் பற்றிய நூலில், மாட்டிறைச்சி உண்ணலுக்கும் தீண்டாமையின் தோற்றத்திற்கும் தொடர்பு உண்டு என்று வாதிட்டார். பசுவைப் புனிதமாகக் கருதுவோர் அதனைக் கொல்வது தம் நம்பிக்கையைப் புண்படுத்துவதாகக் கூறுகின்றனர். ஆட்டிறைச்சியைவிட மலிவான புரத உணவை இழிவெனக் காட்டுவது அதை உண்ணும் மக்களையே இழிவுபடுத்துவதாகும் என்பது மறுதரப்பின் வாதம். இதனால் இவ்வுணவைச் சமைப்பவர் பலர் அதன் பெயரை வெளியில் சொல்லத் தயங்குவதும், மாட்டிறைச்சி உண்போருக்கு வாடகை வீடு மறுக்கப்படுவதும் உண்டு.

2022 மே மாதம் ஆம்பூரில் மாவட்ட நிருவாகம் நடத்தவிருந்த பிரியாணித் திருவிழாவில் மாட்டிறைச்சி பிரியாணி சேர்க்கப்படவில்லை. இதற்கு எதிர்ப்பு எழுந்தது. மழை காரணமாக விழா ஒத்திவைக்கப்படுவதாக அறிவிக்கப்பட்டது. தமிழ்நாடு ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் ஆணையம் இவ்விலக்கலைப் பாகுபாடாகக் கருதி மாவட்ட ஆட்சியரிடம் விளக்கம் கோரியது.

சட்டநிலை

இந்திய அரசியலமைப்பின் 48 ஆம் உறுப்பு, பசுக்கள், கன்றுகள், ஏனைய கறவை மற்றும் இழுவை மாடுகளைக் கொல்வதைத் தடைசெய்ய அரசு முயல வேண்டும் என வழிகாட்டுகிறது. இது குறித்துச் சட்டமியற்றும் அதிகாரம் மாநிலங்களுக்கு உரியது. எனவே சட்டங்கள் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகின்றன.

தமிழ்நாட்டில் 1958 ஆம் ஆண்டின் விலங்குகள் பாதுகாப்புச் சட்டம் நடைமுறையில் உள்ளது. இதன்படி ஒரு மாடு 10 வயதைக் கடந்ததாகவும், வேலைக்கும் இனப்பெருக்கத்திற்கும் தகுதியற்றதாகவும் இருந்தால், அல்லது காயம், ஊனம், தீராத நோய் ஆகியவற்றால் நிலையாகப் பயனற்றுப் போயிருந்தால், உரிய அலுவலரின் சான்றிதழுடன் அறுக்கலாம். 1976 இல் பிறப்பிக்கப்பட்ட அரசாணை பசுக்களையும் கிடாரிகளையும் அறுப்பதைத் தடைசெய்தது. மாட்டிறைச்சியை உண்பதும் வீட்டில் சமைப்பதும் தமிழ்நாட்டில் குற்றமல்ல.

2017 மே 23 அன்று நடுவண் அரசு வெளியிட்ட விதிகள், கால்நடைச் சந்தைகளில் மாடுகளை இறைச்சிக்காக விற்பதைத் தடுத்தன. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை மே 30 அன்று அவ்விதிகளுக்கு இடைக்காலத் தடை விதித்தது. அதே ஆண்டு சூலை 11 அன்று உச்ச நீதிமன்றம் அத்தடையை நாடு முழுமைக்கும் விரிவாக்கியது.

உடல்நலமும் பாதுகாப்பும்

கொழுப்பு நீக்கிய 100 கிராம் பச்சை மாட்டிறைச்சியில் ஏறத்தாழ 20 கிராம் புரதம் உள்ளது. உடலால் எளிதில் உட்கொள்ளப்படும் இரும்புச்சத்து, துத்தநாகம், உயிர்ச்சத்து பி12 ஆகியவையும் உள்ளன. அதே வேளையில், உலக சுகாதார அமைப்பின் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2015 இல் சிவப்பு இறைச்சியைப் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய வாய்ப்புள்ள பொருளாக வகைப்படுத்தியது. நிறைவுற்ற கொழுப்பும் இதில் மிகுதி. எனவே அளவோடு உண்பது அறிவுறுத்தப்படுகிறது.

* இறைச்சியை வாங்கிய இரண்டு மணி நேரத்திற்குள் சமைக்கவேண்டும் அல்லது குளிரூட்டவேண்டும். கோடைக் காலத்தில் ஒரு மணி நேரத்திற்குள் செய்வது நல்லது.
* கொத்திய இறைச்சியின் உட்பகுதி 71 பாகை செல்சியசை எட்டவேண்டும்.
* பச்சை இறைச்சி நறுக்கிய பலகையையும் கத்தியையும் கழுவாமல் காய்கறிக்குப் பயன்படுத்தக்கூடாது.
* மீந்த வறுவலை ஆழமற்ற பாத்திரத்தில் பரப்பி விரைவில் ஆறவிட்டு, குளிர்பதனப் பெட்டியில் 3 அல்லது 4 நாட்கள் வைத்திருக்கலாம். மீண்டும் சூடாக்கும்போது ஆவி பறக்கும்வரை சூடாக்கவேண்டும்.

மசாலாவின் சுவை கொழுப்பிலும் கூழ்மத்திலும் ஊறிப் பரவுவதால், மாட்டிறைச்சி வறுவல் மறுநாள் கூடுதல் சுவையுடன் இருப்பதாகக் கருதப்படுகிறது.

இவற்றையும் பார்க்க

* பேளுக்குறிச்சி
* கொல்லிமலை
* மிளகு
* மிளகாய்
* உப்புக்கண்டம்
* ஆம்பூர் பிரியாணி
* கொங்குநாட்டுச் சமையல்